ஆடும் வளர்ப்போம், கூலியும் கேட்போம்

கெடா தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை



சம்பளத்துக்கும் சந்தாவுக்கும் கூடுகிற இந்தக் கூடத்தில் இன்று ஆட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் சிரிக்கக்கூடும். பிரட்டுக்குப் போய் மழையால் வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் நம் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்பது சங்கத்தின் கவலைதான். ஆகவே, அந்த அடுப்புக்கு உதவக்கூடிய ஒரு சின்னப் பிராணியைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

கிராணி வேலையில் இருக்கும் நாம் மாதாமாதம் செக்ரோல் எழுதுகிறவர்கள். அதிலுள்ள எண்கள் பொய் சொல்வதில்லை. ஆண்டின் பிற்பகுதியில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நாள் குறைகிறது. புத்தாண்டு பிறந்து வெயில் ஏறினால் பால்மரம் இலையை உதிர்க்கிறது, பாலும் சுருங்குகிறது. இப்படி ஆண்டில் இரண்டு முறை நம் கைக்கு வரும் காசு இளைத்துப் போகிறது. அரிசிக் கடைக்காரருக்கு மழையும் தெரியாது, இலையுதிர்வும் தெரியாது. அந்த மாதங்களில்தான் வட்டிக்காரன் நம் லயத்து வாசலுக்கு வருகிறான். அவனை வாசலிலேயே திருப்பி அனுப்ப ஒரு வழி, கொட்டகையில் நிற்கும் இரண்டு பால் ஆடுகள்.

தோட்டத் தொழிலாளி கால்நடை வளர்ப்பது புதிய செய்தியன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று தோட்ட முதலாளிகளுக்கு விதித்தது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலமாயிருந்தாலும், சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் ஆட்டுப்பட்டியும் இருந்ததை நம் பெரியவர்கள் நன்றாய் அறிவார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும், தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாய் மாறிய பிறகும், அந்தப் பழக்கம் அருகி வருகிறது. தாமான் வீட்டில் குடியேறியவர்களுக்கு ஆடு வளர்க்க இடமில்லை. லயத்தில் இருப்பவர்களுக்கும், தோட்ட ஓரத்தில் சொந்தமாய் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் இடமிருக்கிறது. அவர்களுக்காகவே இதைச் சொல்லுகிறோம்.

முதலில், எந்த ஆடு?

அமெரிக்காவில் நைஜீரியக் குள்ள ஆடு என்றொரு பால் ஆடு பேர் பெற்றிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து போன இனம். பெட்டை இரண்டடிக்கும் குறைவான உயரந்தான். நல்ல தீனி கொடுத்தால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர், சில ஆடுகள் இரண்டு லிட்டர்கூடக் கறக்கும். பாலில் கொழுப்பும் அதிகம். அமெரிக்கப் பால் ஆட்டுச் சங்கம் 2005-ஆம் ஆண்டில் அதனைத் தனி இனமாகப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கே சிறு பண்ணைக்காரர்கள் பாலைவிடக் குட்டியை விற்றே அதிகம் சம்பாதிக்கிறார்கள். வம்சப் பத்திரத்தோடு வாங்கிப்போக ஆளிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "அந்த ஆட்டுக்கு எங்கே போவது?" என்று யாரும் அலைய வேண்டாம். சின்ன ஆடு நம் வாசலிலேயே நிற்கிறது. மலாய்க் கம்போங்களில் காணும் கட்ஜாங் ஆடு அதே அளவு உடம்புடையது. பெட்டை இருபது இருபத்தைந்து கிலோவுக்குமேல் போகாது. இந்நாட்டு மழைக்கும் வெக்கைக்கும் பழகியது. இரட்டைக் குட்டி போடுவது அதற்குச் சாதாரணம். ஒரு குறை என்னவென்றால், அதன் பால் குட்டிக்குப் போய் நமக்கு மிஞ்சுவது சொற்பம்.

இன்னொரு பக்கம் ஜமுனாபாரி இருக்கிறது. யமுனைக் கரையில் எட்டாவா வட்டாரத்திலிருந்து கடல் கடந்து வந்த ஆடு, நம்மைப்போல. தொங்கும் காது, வளைந்த மூக்கு, உயர்ந்த கால், நல்ல கறவை. இங்கிலாந்தின் ஆங்கிலோ நூபியன் ஆட்டிலும், இந்தோனேசியாவின் பெரானாக்கான் எட்டாவா ஆட்டிலும் ஓடுவது இதன் இரத்தமே. எனினும் உடம்பு பெரியது, தீனியும் அதிகம் கேட்கும். சுவிட்சர்லாந்து நாட்டுச் சானன் ஆடு இன்னும் அதிகம் கறக்கும்; ஆனால் நம் வெயில் அதற்கு ஆகாது. போயர் ஆடு இறைச்சிக்கானது, பாலுக்கன்று.

ஆகவே நம் லயத்துக்கு ஏற்றது கட்ஜாங் பெட்டைக்கு ஜமுனாபாரிக் கலப்புக் கிடாவைச் சேர்த்துப் பெறும் நடுத்தரக் கலப்பாடு. ஓர் எச்சரிக்கை: முதல் ஈற்றுச் சின்னப் பெட்டைக்கு மிகப் பெரிய கிடாவைச் சேர்க்காதீர்கள். குட்டி பெருத்துப் பிரசவம் தடைப்படும்; தாயும் போகும், குட்டியும் போகும். முதல் ஈற்றுக்கு அளவான கிடாவே நல்லது.

இரண்டாவது, எங்கே வளர்ப்பது?

நிர்வாகம் ஆடு என்றதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. மறுநடவு செய்த இளங்கன்றின் துளிரையும் பட்டையையும் ஆடு கடித்துவிடும். அவிழ்த்து விட்ட ஓர் ஆடு ஒரு வரிசைக் கன்றைக் கெடுத்துவிட்டால், அடுத்த நாளே லயம் முழுவதும் ஆடு கூடாதென்று ஆணை வந்துவிடும். ஒருவருடைய சோம்பல் இருபது குடும்பத்தின் வாயில் மண்ணைப் போடும். அதனால் கட்டி வளர்ப்பதென்பதைக் கட்டுப்பாடாகவே கொள்ள வேண்டும். தழையை அறுத்துக் கொண்டுவந்து கொட்டகையில் போடுவோம். ஆட்டைத் தோட்டத்துக்குள் விடோம்.

கொட்டகை பரண் மாதிரி இருக்க வேண்டும். தரையிலிருந்து ஓர் ஆள் குனிந்து நுழைந்து சாணி அள்ளும் உயரத்தில் சட்டம் அடித்து, புழுக்கை கீழே விழும்படி விரலளவு இடைவெளி விட்டுப் பலகை போட வேண்டும். இடைவெளி அதிகமானால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். ஆட்டுக்கு வெயிலைவிட ஈரந்தான் எமன். கீழே சேரும் புழுக்கை வாழைக்கும் காய்கறிக்கும் முதல்தரமான எரு.

இடத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அதையும் தனித்தனியே போய்க் கேட்காமல் கிளையின் வழியாகக் கேளுங்கள். வாய்ச்சொல்லால் தந்த அனுமதி மானேஜர் மாறினால் மறைந்துபோகும். தோட்டமே கைமாறினாலும், நாம் நட்ட வாழை நம்மோடு வராது. ஆடு நம்மோடு வரும். கூலிக்காரனுக்கு நடமாடும் சொத்து அது.

மூன்றாவது, தீனி.

இருபத்தைந்து கிலோ ஆடு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ பச்சைத் தழை தின்னும். நேப்பியர் புல் ஒரு பாத்தி, வேலியில் அகத்தி, கிளிரிசிடியா, பலா மரமிருந்தால் அதன் இலை, இவை போதும். சவுண்டல் தழை சத்துள்ளது. ஆனால் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் போடக்கூடாது. மரவள்ளித் தழையைப் பறித்தவுடன் போடாமல் வாட வைத்துப் போட வேண்டும், பச்சையில் நஞ்சிருக்கிறது. பால்மரத் தழையிலும் கொட்டையிலும் அதே நஞ்சுண்டு.

இந்நாட்டில் மேய்ச்சலுக்கென்றே பரப்பப்பட்ட சிக்னல் புல் என்ற பிராக்கியாரியா இனம் ஒன்றிருக்கிறது. மாட்டுக்குப் பெரும்பாலும் தாங்கும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும். மஞ்சட்காமாலை கண்டு, வெயிலில் நிற்க மாட்டாமல், முகம் வீங்கிச் சாகும். புல்லெல்லாம் புல்லல்ல என்று இதனால்தான் சொல்லுகிறோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து களைக்கொல்லி. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதை முதுகில் சுமந்து தெளித்த நம் பெண்களின் நகமும் மூச்சும் பட்டபாடு கொஞ்சமன்று. அது போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மருந்தடித்த வரிசையில் தழை அறுக்கக்கூடாது. எந்த வரிசைக்கு என்றைக்கு மருந்து என்பதை முன்கூட்டியே பிரட்டில் அறிவிக்கும்படி கிளை கேட்க வேண்டும். ஆட்டுக்காக மட்டுமன்று, அந்த வரிசையில் நடக்கிற மனிதருக்காகவும் கேட்க வேண்டிய கோரிக்கை அது.

நான்காவது, கணக்கு.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், ஏறத்தாழ 150 நாள். பருவம் 21 நாளுக்கொரு முறை வரும். ஓரிரு நாள்தான் நிற்கும். நம் நாட்டு வெப்பத்தில் ஆண்டு முழுவதும் பருவம் வருவதால், குட்டி எப்போது வேண்டுமென்பதை நாமே தீர்மானிக்கலாம். ஆகஸ்டில் கிடாவுக்குச் சேர்த்தால் ஜனவரியில் குட்டி. மழை ஓய்ந்த காலமாதலால் குட்டிக்குச் சளி பிடிப்பது குறைவு. பால்மரம் இலையுதிர்த்து நம் கை வறண்டிருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் ஆட்டின் மடி நிறைந்திருக்கும். ஆனால் அப்போது புல்லும் காய்ந்திருக்கும். வேலித் தழையை முன்யோசனையோடு வளர்த்து வைத்தவருக்கே அந்தப் பால் கிடைக்கும்.

இரண்டு பெட்டைகளை வைத்துக்கொள்வோம். நன்றாய்ப் பேணினால் இரண்டு ஆண்டில் ஒவ்வொன்றும் மூன்று ஈற்று. ஈற்றுக்கு இரண்டு குட்டியென்றால் மொத்தம் பன்னிரண்டு. இரண்டு மூன்று செத்துப்போகலாம். ஒன்பதோ பத்தோ நிற்கும். பாதி கிடா, பாதி பெட்டை. கிடாவை விற்கலாம், பெட்டையில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம். இதற்குமேல் ஆசைப்பட்டு இருபது ஆடு வாங்காதீர்கள். பால் வெட்டிவிட்டு வந்து இருபது ஆட்டுக்குத் தழை அறுக்க ஒரு குடும்பத்தால் ஆகாது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தழைக்கு அனுப்பும் நிலை வந்தால், அந்த ஆடு நமக்கு லாபமன்று, நஷ்டம்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கிடாவுக்குச் சேர்த்த தேதி, குட்டி போட்ட தேதி, கறந்த அளவு, வாங்கிய பிண்ணாக்கு, விற்ற விலை, எல்லாம் எழுதுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தழை அறுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தாம். ஆகவே விற்ற காசும் அவர்கள் பெயரில் சேமிப்பில் சேர வேண்டும். 1946-லும் 1947-லும் கள்ளுக்கடையை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்த வட்டாரம் இது. ஆடு விற்ற காசு மாலைக்குள் எங்கே போகுமென்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஐந்தாவது, நோய்.

குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். குடிக்காத குட்டி பிழைப்பது அரிது. வளர்ந்த ஆட்டுக்கு முதல் எதிரி குடற்புழு. கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவந்திருந்தால் நலம், வெளுத்திருந்தால் புழு இரத்தத்தை உறிஞ்சுகிறதென்று பொருள். மருந்தைக் கால்நடை இலாகாவில் கேட்டுக் கொடுங்கள். செத்த ஆட்டை மூடி மறைக்காதீர்கள். கூலிம் பக்கத்தவர்களுக்கு அருகிலேயே, பினாங்கு மாநிலப் புக்கிட் தெங்காவில், வட்டாரக் கால்நடை ஆய்வுக்கூடம் இருக்கிறது.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்லுகிறோம். 2010-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நமக்கு அடுத்த பினாங்கில், காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் புருசெல்லா என்ற நோய்க்கு ஆளானார்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, ஓயாத சோர்வு. நோய் வந்தது ஆட்டிலிருந்து. மனிதருக்குள் நுழைந்தது பச்சைப் பால் வழியாக. பச்சைப் பாலில்தான் சக்தி இருக்கிறதென்று சொல்லி விற்பவரும் உண்டு, நம்பி வாங்குபவரும் உண்டு. நம் பாட்டிமார்கள் பால் பொங்கி வரும்வரை அடுப்பைவிட்டு நகராதவர்கள். அவர்கள் செய்ததே சரி. காய்ச்சாத பாலை நாம் குடியோம், நம் பிள்ளைக்குக் கொடோம், எவருக்கும் விற்கோம் என்று இந்தக் கிளையே தீர்மானம் போடலாம்.

சினையாடு குறைமாதத்தில் குட்டி வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள், இலாகாவுக்குச் சொல்லுங்கள். ஊர்பேர் தெரியாத ஆட்டை, மலிவு என்பதற்காக, இரத்தப் பரிசோதனை இல்லாமல் கொட்டகைக்குள் சேர்க்காதீர்கள்.

ஆறாவது, விற்பனை.

இந்நாட்டில் தின்னும் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இங்கு விளைகிறது. மற்றதெல்லாம் கப்பலில் வருகிறது. ஆகவே கிடாவுக்கு வாங்குவோர் இல்லையென்ற பேச்சில்லை. தீபாவளி, முனியாண்டி கோயில் பூசை, மலாய்ச் சகோதரர்களின் அக்கீக்கா விருந்து, ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான், இவை நம் சந்தை. குர்பானுக்கு வயது நிரம்பிய, ஊனமில்லாத ஆடு வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் 2025-இல் ஜூன் 7-ஆம் தேதி வந்தது; அது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். நாட்காட்டியைப் பார்த்துக் கிடா வளர்ப்பவனுக்கு ஒரு விலை. கடன்காரன் வாசலில் நிற்கையில் விற்பவனுக்கு வேறொரு விலை. எப்போதும் நின்ற விலைக்கு விற்காமல், நிறுத்து, கிலோக் கணக்கில் விற்க வேண்டும். தரகர் கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை அவருக்கே சாதகமாயிருக்கும்.

பால் விற்க விரும்புகிறவர் முதலில் ஊராட்சி மன்றத்திலும் கால்நடை இலாகாவிலும் விதிகளைக் கேட்டறிய வேண்டும். கறக்குமுன் கையும் மடியும் கழுவ வேண்டும். கிடாவைக் கறவை ஆட்டின் பக்கம் கட்டக்கூடாது. அதன் வாடை பாலில் ஏறும். ஆட்டுப்பாலில் வீச்சம் என்று பலர் முகம் திருப்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அபூர்வக் குள்ள ஆடு, ஜோடி இத்தனை ஆயிரம், குட்டி போட்டால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று ஆசை காட்டி யாராவது வந்தால் ஏமாறாதீர்கள். குட்டியை வாங்குகிறவனும் குட்டி விற்பதற்காகவே வாங்குகிறான் என்றால், கடைசியில் வாங்கியவன் தலையில் எல்லாம் இடிந்து விழும். பாலும் இறைச்சியும் எருவும் தராத லாபம் ஆட்டில் கிடையாது.

இவற்றையெல்லாம் தனி ஆளாய்ச் செய்வது கடினம். இரண்டு பெட்டைக்காக ஒரு வீடு கிடா வைத்தால் தீனி நஷ்டம். ஒரே கிடா பல ஆண்டு நின்றால், மகளுக்கும் பேத்திக்கும் அதுவே சேர்ந்து குட்டிகள் நோஞ்சானாகும். பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கிடா வாங்கட்டும். இரண்டு ஆண்டுக்கொரு முறை அடுத்த தோட்டத்துக் கிளையோடு மாற்றிக்கொள்ளட்டும். தராசும் பொது, புழு மருந்தும் பொது.

இது நடக்குமா என்று ஐயப்படுவோருக்கு நம் கெடாவே பதில் சொல்லும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் அது முதன்முதலாக வாங்கிய தோட்டம் இம்மாநிலத்திலுள்ள புக்கிட் சிடிம். தோட்டத்தையே வாங்க முடிந்த கைகளுக்கு ஒரு கிடா வாங்க முடியாதா?

இறுதியாக, நிர்வாகத்தின் காதிலும் விழட்டும் என்று சொல்லுகிறோம். 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கூலியை வெட்டினார்கள். பதினாயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்கள் கீரையும் கிழங்கும் பயிரிட்டு உயிர் வைத்திருந்தார்கள். கொல்லையில் கீரை இருக்கும்வரை குறைந்த கூலி போதும் என்பது பழைய முதலாளிக் கணக்கு. அந்தக் கணக்கு இனி எடுபடாது. 2025 பிப்ரவரி முதல் தேதி நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் தொழிலாளியின் உழைப்புக்குரியது. அவன் வீட்டில் ஆடு இருக்கிறதா, கோழி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதன்று. நாளைப் பேச்சுவார்த்தை மேசையில், "உங்களுக்குத்தான் ஆடு இருக்கிறதே" என்று எவரும் சொன்னால், நம் பதில் இதுவாக இருக்கட்டும்: ஆடு எங்கள் ஓய்வு நேரத்து உழைப்பு, கூலி உங்கள் மரத்தில் நாங்கள் செய்த உழைப்பு. ஒன்றைக் காட்டி ஒன்றைக் குறைக்க இடந்தர மாட்டோம்.

கொட்டகையில் இரண்டு ஆடு நிற்கும் தொழிலாளிக்கு முன்பணத்துக்குக் கையேந்த வேண்டியதில்லை. கையேந்தாதவன் பேச்சுவார்த்தையில் குனியவும் மாட்டான். அதனாலேயே ஆடு வளருங்கள் என்று சங்க மேடையில் நின்று சொல்லுகிறோம். முதல் கிடாவுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிற குடும்பங்கள் கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பதிந்துகொள்ளுங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக! சங்கம் வாழ்க!